மட்கார்டைக் கழற்றினா ஹாட் ராட் ஆயிடுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் நீக்கியிருக்கிறோம்.)

வழக்கமா நாம சர்வர், டேட்டாபேஸ், வேலை மாறலாமா வேண்டாமான்னு ஏதாவது பேசிட்டு இருப்போம். இன்னைக்குக் கையில கிரீஸ் ஒட்டுற விஷயம். 1929-ல ஃபோர்டு கம்பெனி செஞ்ச ஒரு திறந்த காரை எடுத்து, பழைய முறையிலேயே ஹாட் ராட் ஆக்குறது எப்படின்னு பார்க்கப் போறோம். எப்படிங்கறதை விட, ஏன் அப்படிச் செய்றாங்கங்கறதுதான் எனக்கு முக்கியம்.

இது எனக்கு எப்படித் தெரியும்னு முதல்ல சொல்லிடறேன். ரெண்டு வருஷம் ஆன்-சைட் வேலையில லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல இருந்தேன். எதிர் வீட்டுல ஒரு பெரியவர். விமான பாகங்கள் செய்ற இடத்துல லேத் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு சனிக்கிழமை காலையில அவர் கராஜ் ஷட்டர் திறந்திருந்தது. உள்ளே சக்கரம் இல்லை, எஞ்சின் இல்லை, ஒரு இரும்பு பாடி மட்டும் மரக்கட்டை மேல உட்கார்ந்திருந்தது. பெரிய குளிக்கற தொட்டி மாதிரி. "அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிக்கிறியா?"ன்னு கேட்டார். பிடிச்சேன். அடுத்த ஒன்றரை வருஷ வீக்கெண்ட் அங்கேதான் போச்சு.

முதல் நாளே ஒரு கேள்வி கேட்டார். "ஹாட் ராட்ல ஏன் மட்கார்டு இருக்காது?" நான் யோசிக்காம "ஸ்டைல்"னு சொன்னேன். சிரிச்சுட்டு, "அந்தப் பதில் மாறுற வரைக்கும் நீ ஸ்பேனர் தொட வேண்டாம், டார்ச் பிடி"ன்னுட்டார். மூணு வாரம் டார்ச் பிடிச்சேன்.

காய்ந்த ஏரியில் ஆரம்பிச்ச கதை

மட்கார்டு ஏன் இல்லைன்னு தெரியணும்னா 1930-களோட தெற்குக் கலிஃபோர்னியாவுக்குப் போகணும். லாஸ் ஏஞ்சலஸ் மலைகளைத் தாண்டினா மோஹாவே பாலைவனம். அங்கே ம்யூராக், எல் மிராஜ், ரோஸமண்ட்னு காய்ந்த ஏரிகள் இருக்கு. தண்ணி கிடையாது. களிமண் தரை வெயில்ல இறுகி, மைல் கணக்கா மேசை மாதிரி தட்டையா கிடக்கும். கார் எவ்வளவு வேகம் போகும்னு பார்க்க இதை விட நல்ல இடம் கிடைக்காது. பசங்க வாரக் கடைசியில தங்களோட காரை அங்கே ஓட்டிட்டுப் போவாங்க, நேர்கோட்டுல முடிஞ்ச மட்டும் விரட்டி நேரம் குறிப்பாங்க, அதே கார்ல வீட்டுக்கு வருவாங்க. 1937-ல பல கிளப்புகள் சேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் சங்கம்னு ஒண்ணு ஆரம்பிச்சு, இதுக்கு விதிமுறை கொண்டு வந்தாங்க.

அந்தப் பசங்க கையில காசு இல்லை. பொருளாதார மந்தம் நடக்குற காலம். ஃபோர்டு மாடல் ஏ 1927 கடைசியில் இருந்து 1931 வரைக்கும் 48 லட்சத்துக்கும் மேல தயாரானது. அதனால பழைய வண்டி எங்கேயும் மலிவா கிடைக்கும். அதிலும் ரோட்ஸ்டர் இன்னும் மலிவு. ரோட்ஸ்டர்னா நிரந்தரக் கூரை இல்லாத, ரெண்டு பேர் உட்கார்ற கார். மழைக்கு மடக்குற கேன்வாஸ் மேற்கூரை, கதவுல கண்ணாடி ஏத்தி இறக்குற வசதி கிடையாது. குடும்பம் வச்சிருக்கவங்களுக்கு அது தேவைப்படாது. ஆனா வேகம் வேணும்கிறவனுக்கு அதுதான் சரியான வண்டி, ஏன்னா கூரையோட எடை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. மாடல் ஏ எஞ்சின் நாலு சிலிண்டர், 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன். கார் எடை ஆயிரம் கிலோவை ஒட்டி. காரை வேகமாக்க ரெண்டே வழி: சக்தியைக் கூட்டு, இல்லை எடையைக் குறை. சக்தியைக் கூட்டக் காசு வேணும். எடையைக் குறைக்க ஒரு ஸ்பேனர் போதும். அதனால முதல்ல போனது மட்கார்டு. அப்புறம் ஏறுறதுக்கு வச்சிருந்த படிப்பலகை, பம்பர், பானெட்டோட பக்கத் தகடு. காத்தை எதிர்த்து நிக்கிற கண்ணாடியையும் கழற்றுவாங்க, இல்லைன்னா உயரத்தை வெட்டிக் குட்டை ஆக்குவாங்க.

மூணாவது வாரம் இதை அவர்கிட்ட சொன்னேன். டார்ச்சை வாங்கி வச்சுட்டு ஒரு ஸ்பேனரைக் கையில குடுத்தார்.

'பாரம்பரிய'ன்னா என்ன?

பழைய காரை மாத்துற எல்லாரும் ஒரே வேலையைச் செய்றதில்லை. ரெஸ்டரேஷன்னு சொல்றது, கம்பெனியில இருந்து எப்படி வெளியே வந்ததோ அப்படியே திரும்பக் கொண்டு வர்றது. ஸ்ட்ரீட் ராட்னு சொல்றது பழைய உருவத்துக்குள்ளே இன்றைய எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஏசி எல்லாம் வைக்கிறது. சில சமயம் பாடியே ஃபைபர்கிளாஸ். ராட் ராட்னு இன்னொரு வகை, எலி ராட். வேணும்னே துருவோட, அரைகுறையா விட்ட மாதிரி செய்வாங்க.

பாரம்பரிய ஹாட் ராட் இதுல எதுவும் இல்லை. அதுக்கு ஒரே ஒரு விதி: ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுக்கணும். அந்த வருஷத்துல ஒரு இருபது வயசுப் பையன் கைக்கு என்ன கிடைச்சிருக்குமோ, அதை வச்சுத்தான் கட்டணும். நம்ம பாஷையில சொன்னா எல்லா லைப்ரரி வெர்ஷனையும் ஒரு தேதியில பூட்டி வைக்கிற மாதிரி.

எங்க பெரியவர் பூட்டின வருஷம் 1948. அதுக்கு ஒரு காரணம் இருக்கு. போர் முடிஞ்சு பட்டாளத்துப் பசங்க திரும்பி வந்திருந்தாங்க. விமானத்தையும் டாங்கியையும் ரிப்பேர் பார்த்துப் பழகின கை, சேமிச்ச சம்பளம், ரெண்டும் இருந்தது. அதே நேரம் பத்திரிகைகள் 'ஹாட் ராட்'ங்கிற சொல்லை ரோட்டுல தறுதலையா ஓட்டுறவங்களைத் திட்டறதுக்குப் பயன்படுத்திச்சு. 1948 ஜனவரியில அந்த டைமிங் சங்கம் லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு கண்காட்சி வச்சு, நாங்க பொறுக்கிகள் இல்லை, பொறியாளர்கள்னு காட்டப் பார்த்தது. 'ஹாட் ராட்' இதழோட முதல் பிரதி வித்ததும் அங்கேதான்.

இந்தத் தேதிக்கோடு விளையாட்டு இல்லை, உண்மையாவே கை கட்டும். உதாரணம்: மெர்குரி கார்ல 1949-ல நீளமான ஸ்ட்ரோக் வச்ச கிராங்ஷாஃப்ட் வந்தது. அதை ஃபோர்டு எஞ்சின்ல போட்டா 3.9 லிட்டர் கிட்டத்தட்ட 4.2 லிட்டர் ஆகும். எல்லாருக்கும் பிடிச்ச வித்தை. ஆனா கோடு 1948. ஒரு வருஷம் லேட், அதனால வேண்டாம்னு ஒதுக்கிட்டார். எனக்கு அப்போ இது வீம்பாத்தான் தெரிஞ்சது.

தட்டைத் தலை எஞ்சின்

1932-ல ஃபோர்டு ஒரு வி8 எஞ்சினைக் கொண்டு வந்தாங்க. வி8 அதுக்கு முன்னாடியே இருந்தது, ஆனா பணக்காரங்க கார்ல. ஃபோர்டு எட்டு சிலிண்டரையும் ஒரே வார்ப்பா வார்த்து, சாதாரண ஆளு வாங்குற விலைக்குக் கொண்டு வந்துட்டாங்க. ஆரம்பத்துல 3.6 லிட்டர், 65 குதிரைத்திறன். போருக்கு அப்புறம் 3.9 லிட்டர், 100 குதிரைத்திறன். மாடல் ஏ காருக்குள்ளே இதைத் தூக்கி வச்சா, 40 இருந்த இடத்துல 100. எடை பெருசா ஏறாது.

இதை ஃப்ளாட்ஹெட்னு சொல்வாங்க, தட்டைத் தலை. இன்னைக்கு நம்ம பைக்ல வால்வு பிஸ்டனுக்கு மேலே, ஹெட்ல இருக்கும். இதுல வால்வு பிஸ்டனுக்குப் பக்கத்துல, பிளாக்குக்குள்ளேயே இருக்கும். அப்போ ஹெட்ல என்ன இருக்கும்? ஒண்ணும் இல்லை. தண்ணி ஓட வழி, ஸ்பார்க் பிளக் மாட்ட ஓட்டை, அவ்வளவுதான். குக்கர் மூடி மாதிரி. போல்ட்டைக் கழற்றினா கையோட வந்துடும்.

இந்த எளிமைதான் ஒரு தொழிலையே உருவாக்கிச்சு. மூடி தானே? அலுமினியத்துல, எரியற அறை கொஞ்சம் சின்னதா இருக்கற மாதிரி வார்த்துக் கொடுத்தா, கம்ப்ரஷன் ஏறி சக்தி கூடும். ஒரு கார்புரேட்டர் இருக்கற இடத்துல ரெண்டு, மூணு வைக்கிற மாதிரி இன்டேக் மேனிஃபோல்ட் செய்யலாம். விக் எடல்ப்ராக்னு ஒரு கராஜ்காரர், தன்னோட 1932 ரோட்ஸ்டருக்கு அப்படி ஒண்ணு வடிவமைச்சார். 1941 நவம்பர்ல ரோஸமண்ட் ஏரியில அந்தக் கார் மணிக்கு 121 மைலுக்கு மேல ஓடிச்சு, அதாவது 195 கிலோமீட்டர். அதைப் பார்த்தவங்க கேட்டு வாங்க, அது கம்பெனியா வளர்ந்தது. எட் இஸ்கெண்டேரியன்னு இன்னொரு இளைஞர் கேம்ஷாஃப்ட்டை வேற வடிவத்துல கடைஞ்சு கொடுத்து, வால்வை அதிக நேரம் திறந்து வைக்க வழி செஞ்சார். அவங்க ஸ்டார்ட்-அப் எல்லாம் நிஜமாவே கராஜ்ல ஆரம்பிச்சதுதான்.

அந்தக் கால கார்புரேட்டர்ல ஸ்ட்ராம்பெர்க் 97-க்குத் தனி மவுசு. அந்த 97, காத்து நுழையற குறுகலான வாயோட அளவு: 0.97 அங்குலம்.

ஆனா இந்த எஞ்சினுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. வால்வெல்லாம் வி வடிவத்தோட உட்பக்கம் இருக்கு. புகை வெளிப்பக்கம் வரணும். அதனால சூடான புகை சிலிண்டர்களுக்கு நடுவுல, பிளாக்குக்கு உள்ளேயே நுழைஞ்சு வரும். வழியெல்லாம் தண்ணியைச் சூடாக்கிட்டே வரும். ஒவ்வொரு பக்கமும் நாலு சிலிண்டருக்கு மூணு வாசல்தான். நடுவுல இருக்கற ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே வாசல். அந்த நடுப்பகுதிதான் அதிகமா கொதிக்கும். கொதிச்சு கொதிச்சு, வால்வு உட்கார்ற இடத்துக்கும் சிலிண்டருக்கும் நடுவுல விரிசல் விழும்.

எங்களுக்குக் கிடைச்ச பிளாக்கை எடுத்ததும் அவர் எஞ்சின் பட்டறைக்குத் தூக்கிட்டுப் போனார். அங்கே பிளாக்கைக் காந்தமாக்கி இரும்புத் தூள் தூவுவாங்க. விரிசல் இருந்தா தூள் அங்கே கோடு மாதிரி சேரும். நல்ல வேளை, கோடு வரலை. அப்புறம் ஆரம்பிச்சது எனக்கான தண்டனை. ரெண்டு வீக்கெண்ட் முழுக்க, வளைஞ்ச கம்பியும் தண்ணி பைப்பும் வச்சு, பிளாக்கோட தண்ணிப் பாதையைக் குடைஞ்சேன். பல வருஷத் துரு, அது கூட வார்க்கும்போது உள்ளே மாட்டிக்கிட்ட மணல். முக்கால் வாளி வந்தது. "ஃப்ளாட்ஹெட் சூடாகும்னு எல்லாரும் திட்டுவாங்க. பாதிப் பேர் உள்ளே இருக்கற மணலை எடுத்திருக்க மாட்டாங்க"ன்னார். பிரச்சினையை டிசைன் மேல போடறதுக்கு முன்னாடி லாக் பார்த்தியான்னு என் மேனேஜர் கேட்பார். அதே கேள்விதான்.

ஒண்ணை மாத்தினா ஒன்பது மாறும்

எஞ்சினை மாத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சேன். நிஜத்துல அங்கேதான் ஆரம்பிச்சது. மாடல் ஏ கியர்பாக்ஸ் 40 குதிரைத்திறனுக்குச் செஞ்சது. 100-ஐ அது தாங்காது. அதனால 1939 ஃபோர்டோட மூணு கியர் பெட்டி. மாடல் ஏ சேசிஸ் மெலிசு, அதனால 1932 ஃபோர்டோட சேசிஸ். அதுல நீளவாட்டு இரும்புச் சட்டம் ரெண்டும் வெளியே தெரியற மாதிரி அழகா மடிச்சு அச்சடிச்சிருக்கும்; மட்கார்டு இல்லாம நின்னாலும் முழுசா தெரியும். ஆனா 1932-ல முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 106 அங்குலம், மாடல் ஏ-ல 103.5. அடிப்பக்கம் ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. வெட்டி, தட்டி, டிங்கரிங் செஞ்சு உட்கார வைக்கணும்.

அடுத்தது நிக்கிற விதம். ஹாட் ராட்னாலே முன்பக்கம் தாழ்ந்து, பின்பக்கம் தூக்கி இருக்கும், பாயத் தயாரான பூனை மாதிரி. இதுக்கும் காரணம் இருக்கு. பின்னாடி பெரிய டயர் போட்டா, சக்கரம் ஒரு சுத்து சுத்தும்போது கார் அதிக தூரம் போகும். அதாவது எஞ்சின் அதே வேகத்துல சுத்தினாலும் கார் வேகம் கூடும். கியர் மாத்தாமலேயே கியர் மாத்தின பலன். முன்னாடி சின்ன டயர், எடை கம்மி. பின்னாடி 7.00-16, முன்னாடி 5.50-16 மாதிரி போடுவாங்க.

முன்பக்கத்தை இறக்க ஸ்பிரிங்கை வெட்டக் கூடாது. ஃபோர்டுல முன்னாடி ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங்தான், லாரிக்கு அடியில பார்ப்பீங்களே, அந்த மாதிரி, ஆனா குறுக்குவாட்டுல. அதை வெட்டினா ஆடுறதுக்கு இடம் இருக்காது. அதனால ஆக்ஸிலைச் சூடு பண்ணி, முனைகளை மேலே வளைச்சுடுவாங்க. சக்கரம் இருந்த இடத்துலேயே இருக்கும். நடுப்பகுதி இறங்கும், கூடவே காரும் ரெண்டு மூணு அங்குலம் இறங்கும். ஸ்பிரிங் பாட்டுக்கு வேலை செய்யும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. அந்த ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராம பிடிக்க, வி வடிவத்துல ரெண்டு கம்பி, நடுவுல ஒரே உருண்டையில வந்து சேரும். எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறினதும் அந்த உருண்டைக்கு இடம் சிக்கல் ஆயிடும். அதனால வி-யைப் பிரிச்சு, ஒவ்வொரு கம்பியையும் அந்தந்தப் பக்கச் சட்டத்துல மாட்டிடுவாங்க. இப்போ ஒரு சக்கரம் மட்டும் மேட்டுல ஏறினா என்ன ஆகும்? ரெண்டு கம்பியும் வேற வேற கோணத்துல இழுக்க, ஆக்ஸில் முறுக்கப்படும். ஃபோர்டோட ஐ வடிவ ஆக்ஸில் ஓரளவு முறுக்கிக்கும், அதனால தப்பிக்கும். அதே இடத்துல குழாய் மாதிரி ஆக்ஸில் போட்டா, குழாய் முறுக்காது. அந்த விசை முழுக்க கம்பி மாட்டின இடத்துல போய் விழும், ஒரு நாள் உடையும். படத்தைப் பார்த்து, அழகா இருக்குன்னு குழாய் ஆக்ஸில் வாங்கறவனுக்கு இது தெரியாது. பழைய காரணம் தெரியாம பழைய தோற்றத்தை மட்டும் எடுத்துக்கிட்டா, இப்படித்தான் ஆபத்து உள்ளே வரும்.

முதல்ல நிக்கட்டும்

எஞ்சின் ரெடி. நான் சாவி போட்டுப் பார்க்கத் துடிச்சேன். அவர் விடலை. "முதல்ல நிக்கட்டும், அப்புறம் ஓடட்டும்." பிரேக் முடியாம பெட்ரோல் ஊத்த மாட்டேன்னுட்டார்.

மாடல் ஏ-ல பிரேக் முழுக்க கம்பியும் லிவரும். மிதிச்சா கம்பி இழுக்கும், சக்கரத்துல டிரம்முக்குள்ளே கட்டை விரியும். நாலு சக்கரமும் சமமா பிடிக்கணும்னா நாலு கம்பியும் சரியா இருக்கணும். எண்ணெய் அழுத்தத்துல வேலை செய்ற பிரேக்கை ஃபோர்டு 1939 மாடல்லதான் கொண்டு வந்தாங்க. ஹாட் ராட் பசங்க அதை உடனே பழைய கார்ல மாட்டிட்டாங்க. ஏன்னு கணக்கு சொல்லும். மாடல் ஏ அதிகபட்சம் மணிக்கு 65 மைல் மாதிரி போகும். இப்போ அது 100 மைல் போகுதுன்னு வைங்க. வேகம் ஒன்றரை மடங்கு. ஆனா நிறுத்த வேண்டிய ஆற்றல் வேகத்தோட வர்க்கத்துல ஏறும், கிட்டத்தட்ட 2.4 மடங்கு. எஞ்சினை மட்டும் மாத்திட்டுப் பழைய கம்பி பிரேக்கை விட்டவங்க கதை எல்லாம் நல்லபடியா முடியலை.

இங்கேதான் ஒரு சங்கடம் வந்தது. 1939 பிரேக்ல எண்ணெய்ப் பாதை ஒண்ணே ஒண்ணு. எங்கேயாவது ஒரு குழாய் கசிஞ்சா, நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. முன்னாடிக்கு ஒண்ணு, பின்னாடிக்கு ஒண்ணுன்னு ரெண்டு பாதை வச்ச மாஸ்டர் சிலிண்டர் அமெரிக்காவுல கட்டாயம் ஆனது 1960-களோட கடைசியில. அவரோட கோடு 1948. மெர்குரி கிராங்கை ஒரு வருஷம் லேட்னு ஒதுக்கினவர், இதுல இருபது வருஷத்தைத் தாண்டணும்.

தாண்டினார், ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. பெடலுக்குக் கீழே, தரைப்பலகைக்கு அடியில, வெளியே தெரியாத இடத்துல ரெண்டு பாதை மாஸ்டர் சிலிண்டர் உட்கார்ந்தது. கூடவே சீட் பெல்ட்.

எனக்குப் பிடி கிடைச்சது மாதிரி சந்தோஷம். "அப்போ உங்க விதி உடைஞ்சது தானே?"ன்னு கேட்டேன். அவர் சொன்னது இதுதான்: அந்தப் பசங்க 1939 பிரேக்கை எடுத்தது அது பழசுங்கறதுக்காக இல்லை, அன்னைக்குக் கைக்குக் கிடைச்சதுலேயே அதுதான் நல்லா நிறுத்தும்ங்கறதுக்காக. அவங்க கையில ரெண்டு பாதை சிலிண்டர் கிடைச்சிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாங்களா? கிராங்க் ஆசைக்கு, பிரேக் உயிருக்கு. ஆசையில விதியைக் காப்பாத்தலாம்.

தேதிக்கோடு வீம்பு இல்லைன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சது. எல்லை இருந்தாத்தான், அதை எங்கே தாண்டறோம், எதுக்காகத் தாண்டறோம்னு நமக்கே தெரியும்.

வெட்டலாமா?

கடைசியா, ரொம்ப நாளா எனக்குள்ளே இருந்த கேள்வி. தொண்ணூறு வருஷம் தாண்டி பிழைச்சு வந்த ஒரு காரை வெட்டுறது சரியா?

நடுவுல ஒரு சம்பவம். அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்டுல ஒரு 1930 ரோட்ஸ்டர் விலைக்கு வந்தது. போய்ப் பார்த்தோம். பெயிண்ட் மங்கி, சீட் கிழிஞ்சிருந்தது. ஆனா எல்லாமே ஒரிஜினல்: எஞ்சின், மட்கார்டு, பிரேக் கம்பி, எதுவும் மாறலை. நம்ம கராஜ்ல இருக்கற பாடியை விட இதுல துருவே கிடையாது. எனக்கு வாய் ஊறிச்சு. இதை வாங்கி வெட்டினா பாதி வேலை மிச்சம்னு நினைச்சேன். அவர் காரைச் சுத்தி ரெண்டு தடவை நடந்தார், கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், வீட்டுக்காரர்கிட்ட "இதை வெட்டாதவங்களுக்குக் கொடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டார்.

திரும்பி வர்றப்போ வண்டியில ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசலை. எனக்குக் கோபம்தான். அப்புறம் நானே கேட்டேன்: அந்தக் காலத்துப் பசங்க முழு கார்களைத்தானே வெட்டினாங்க? நாமும் வெட்டினா அதுதானே பாரம்பரியம்?

அவர் பதிலை என் வார்த்தையில சொல்றேன். 1938-ல ஒரு மாடல் ஏ-யை வெட்டினவன், தெருவுக்கு நாலு கிடக்கிற, யாரும் சீந்தாத பழைய காரை வெட்டினான். இன்னைக்கு நான் அதே ரம்பத்தை எடுத்து அதே இடத்துல வைச்சாலும், அது அதே செயல் இல்லை. அவன் குப்பையில இருந்து ஒண்ணைக் காப்பாத்தினான். நான் காப்பாத்தி வச்சிருக்கற ஒண்ணைக் குப்பையாக்குவேன். ஒரிஜினலா நிக்கிற கார்னு ஒண்ணு குறைஞ்சா, அது திரும்ப வராது.

அதனாலதான் அவர் ஆரம்பத்துலேயே தனியா கிடந்த பாடியை எடுத்தார். சேசிஸ் இல்லை, எஞ்சின் இல்லை, அடிப்பக்கம் துரு. ரெஸ்டோர் பண்றவங்க அதைச் சீண்ட மாட்டாங்க. 1932 சேசிஸ் சட்டங்களும் புதுசா அச்சடிச்சு விற்கறதுதான், அதையே வாங்கினார். பாடிகூடப் புதுசா கிடைக்குது. ஒஹாயோவுல ப்ரூக்வில்னு ஒரு கம்பெனி மாடல் ஏ ரோட்ஸ்டர் பாடியை இரும்புத் தகட்டுலேயே புதுசா செஞ்சு விற்கிறாங்க. ஒரு முழு காரை வெட்ட வேண்டிய தேவை இன்னைக்கு யாருக்கும் இல்லை.

இதோட மறுபக்கமும் இருக்கு. வெட்டின கார்களுக்கும் வரலாறு உண்டு. டோன் ஸ்பென்சர்னு ஒருத்தர் 1940-கள்ல கட்டின 1932 ரோட்ஸ்டர் ரொம்பப் பிரசித்தம். கோடீஸ்வரங்க பழைய கார்கள் அணிவகுக்கிற பெபிள் பீச் போட்டியில, 1997-ல முதல் தடவையா ஹாட் ராடுக்குன்னு ஒரு பிரிவு வச்சாங்க. அதுல முதல் பரிசு அந்தக் காருக்குத்தான். இப்போ ஒருத்தர் அதை வாங்கி, கம்பெனி 1932-ல செஞ்ச மாதிரி திரும்ப மாத்தினா, அதுவும் அழிக்கறதுதான். எந்த நிலையில ஒரு பொருள் தன் கதையைச் சொல்லுதோ, அந்த நிலையில அதை விடணும்.

கடைசியா

நான் ஊருக்குக் கிளம்பறதுக்கு மூணு வாரம் முன்னாடி கார் ரோட்டுக்கு வந்தது. கருப்பு பெயிண்ட், மூடி இல்லாத எஞ்சின், ரெண்டு ஸ்ட்ராம்பெர்க். சாயந்திரம் ஒரு ரவுண்ட் போனோம். தெரு முனையில நிறுத்தக் கோடு வந்தப்போ அவர் பிரேக் மிதிச்சார், கார் நேரா நின்னது. எந்தப் பக்கமும் இழுக்கலை. அவர் முதல்ல சிரிச்சது அதுக்குத்தான், எஞ்சின் சத்தத்துக்கு இல்லை. தண்ணி மீட்டரைப் பார்த்தேன், முள்ளு நடுவுல நின்னுச்சு. அந்த முக்கால் வாளி மணல் ஞாபகம் வந்தது.

இப்போ ஆபீஸ்ல யாராவது பழைய கோடைப் பார்த்து, "இது எதுக்குன்னே தெரியலை, தூக்கிடலாமா?"ன்னு கேட்டா, நான் டார்ச் பிடிச்ச மூணு வாரத்தை நினைச்சுக்கிறேன். ஏன் இருக்குன்னு முதல்ல கண்டுபிடிப்போம். தெரிஞ்சதுக்கு அப்புறம் தூக்கறதும் விடறதும் நம்ம இஷ்டம்.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. அடுத்த எபிசோட்ல பழையபடி சர்வர் ரூமுக்குத் திரும்பிடுவோம். அதுவரைக்கும், உங்க பைக்ல எதையாவது கழற்றப் போறீங்கன்னா, கழற்றுறதுக்கு முன்னாடி பிரேக்கை ஒரு தடவை பார்த்துடுங்க.